மதிப்பெண்ணுக்கா ஜகாத்?



மே மாதம் பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் கல்விப் பரிசளிப்பு விழாக்களின் காலம் தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளின் படங்கள் பள்ளிவாசல் தெருமுனையில் ஃபிளெக்ஸ் பலகைகளாக நிற்கின்றன. மேடை, பொன்னாடை, கேடயம், உறைக்குள் பணம், நிர்வாகிகளின் நீண்ட உரைகள், இறுதியில் பிரியாணி. சமுதாயம் கல்வியில் விழித்துக்கொண்டது என்ற மனநிறைவோடு அனைவரும் வீடு திரும்புகிறார்கள்.

இவ்விழாக்களைக் குறித்து எனக்கு இரண்டு ஆட்சேபணைகள் உண்டு. முதலாவது ஃபிக்ஹ் சார்ந்தது. எளிதில் திருத்திக்கொள்ளத் தக்கது. சில ஊர்களில் இப்பரிசுத் தொகை பைத்துல் மாலின் ஜகாத் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜகாத் யாருக்கு உரியது என்பதை அல்லாஹ் அத்தவ்பா அத்தியாயத்தின் அறுபதாவது வசனத்தில் எட்டு வகையினராக வரையறுத்துவிட்டான். ஃபக்கீரும் மிஸ்கீனும் அதில் முதலில் வருகிறார்கள். அதிக மதிப்பெண் பெற்றவர் என்று ஒன்பதாவது வகை எதுவும் இல்லை. செல்வந்தரின் வயதுக்கு வராத பிள்ளை தந்தையின் பொறுப்பில் இருப்பதால், அப்பிள்ளைக்குக் கொடுத்த ஜகாத் நிறைவேறாது என்று ஃபிக்ஹ் நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. ஜவுளிக்கடை முதலாளியின் மகள் முதலிடம் பெற்றால், அவளுக்குச் சொந்தப் பணத்திலிருந்து பரிசு கொடுங்கள். அல்லாஹ் பரக்கத் செய்வான். ஏழைக்கு உரிய பங்கிலிருந்து கொடுக்காதீர்கள்.

இரண்டாவது ஆட்சேபணை பெரியது. அதற்காகவே இதை எழுதுகிறேன். மேடையில் நிற்கும் பிள்ளை தன் திறமையால் அங்கே நிற்கிறது, மேடைக்கு வராத பிள்ளை திறமை இல்லாததால் வரவில்லை என்பதே அவ்விழா ஊருக்குச் சொல்லும் செய்தி. இச்செய்தி பொய் என்று நான் கருதுகிறேன். ஏழை வீடுகளும் இப்பொய்யை நம்பிவிட்டன என்பதுதான் இதன் பெருங்கேடு.

மேடையில் நிற்பவர்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தந்தை வளைகுடாவிலோ சொந்தக் கடையிலோ அரசுப் பணியிலோ இருப்பார். தாய் பட்டம் பெற்றவராகவோ குறைந்தது மேல்நிலைக் கல்வி முடித்தவராகவோ இருப்பார். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டி வாரக் கூலி வாங்குபவரின் மகன், குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்திலிருந்து தீப்பெட்டி ஆலைக்குப் போகும் தாயின் மகள் அம்மேடையில் ஏறுவது அபூர்வம். அப்படி ஒரு பிள்ளை ஏறிவிட்டால் அதையே பத்து ஆண்டுகள் எல்லா மேடைகளிலும் உதாரணம் காட்டுகிறோம். விதிவிலக்கைக் கொண்டு விதியை மறைப்பதில் நாம் வல்லவர்கள்.

மக்தபில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கடைக்காரரின் மகனும் தறித்தொழிலாளியின் மகனும் மக்ரிபுக்குப் பின் ஒரே பாயில் அமர்ந்து அலிஃப், பா, தா ஓதுகிறார்கள். அரபி இருவருக்கும் அன்னிய மொழி. இருவர் வீட்டிலும் அதைப் பேசுவோர் இல்லை; அதற்கு டியூஷன் இல்லை; கைப்பேசியில் செயலி வாங்கித் தருவோரும் இல்லை. அங்கே யார் முந்துவார் என்று தந்தையின் தொழிலைக் கொண்டு என்னால் ஊகிக்க முடிவதில்லை. தறிக்காரர் மகன் மக்ரஜ் பிசகாமல் ஓதுகிறான். கடைக்காரர் மகன் திணறுகிறான். மறு ஆண்டு நேர்மாறாகவும் நடக்கிறது. அதே இருவரும் காலையில் பள்ளிக்கூடம் போனால் ஒருவன் கெட்டிக்காரன், மற்றவன் மக்கு. இரவில் இருந்த மூளை பகலில் எங்கே போயிற்று? ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தாய் தினமும் குர்ஆன் ஓதும் வீட்டுப் பிள்ளை மக்தபிலும் விரைவாகவே முன்னேறுகிறது. அதுவும் என் கருத்தையே உறுதி செய்கிறது. வீட்டில் இருப்பது பிள்ளையிடம் வருகிறது; வந்ததைப் பிள்ளையின் பிறவித் திறமை என்று நாம் பெயரிடுகிறோம்.

இது வெறும் உஸ்தாதின் ஊகம் அன்று. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தது. பிள்ளைகளின் கற்றல் வேறுபாட்டைப் பள்ளிக் கட்டடமும் கருவிகளும் விளக்குவதைவிடக் குடும்பப் பின்னணி கூடுதலாக விளக்குகிறது என்பது அதன் முக்கியமான முடிவு. நம் மாநிலத்தில் நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021 ஜூலையில் அளித்த அறிக்கையைப் பாருங்கள். 2016–17இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ முயன்றவர்கள் எட்டில் ஒரு பங்கினர். 2020–21இல் அவர்கள் பத்தில் ஏழு பேர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஓராண்டு, ஈராண்டு வீட்டில் வைத்துச் சோறு போட்டு, பயிற்சி நிறுவனத்துக்கும் பணம் கட்ட எந்தத் தறிக்காரரால் முடியும்? மீண்டும் முயல்வதற்குரிய அவகாசத்தைப் பணம் வாங்கித் தருகிறது. பிறகு அந்த அவகாசம் திறமை என்ற பெயரில் மதிப்பெண் பட்டியலில் அச்சாகிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான் அப்பிள்ளைகள் சொல்லத்தக்க எண்ணிக்கையில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தனர். ஒரே ஆண்டில் அவர்களுக்கு மூளை முளைத்துவிட்டதா? கதவு திறக்கப்பட்டது, நுழைந்தார்கள்.

ஒரு பிள்ளையின் பின்னடைவு பத்தாம் வகுப்பில் தொடங்குவதில்லை. அதன் வேர் மிகக் கீழே இருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அந்த இருபது மாதங்களில் கைப்பேசியும் படித்த தாயும் இருந்த வீட்டில் எழுத்து வந்தது. இல்லாத வீட்டில் வரவில்லை. அன்று முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் இன்று நடுநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களில் தமிழ்ப் பாடத்தையே எழுத்துக்கூட்டிப் படிப்பவர் எத்தனை பேர் என்று உங்கள் மஹல்லாவில் கேட்டுப்பாருங்கள். அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்து, தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தது. பின்தங்கிய பிள்ளையைக் கண்டறிந்து தூக்கிவிடுவதற்காகப் பிரிப்பதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அரும்பாக அமர்த்தப்பட்ட பிள்ளை மலராகும் வரை யாரேனும் கூட இருக்க வேண்டும். வீட்டில் எவரும் இல்லையென்றால் அது அரும்பாகவே அடுத்த வகுப்புக்குப் போகிறது.

எட்டாம் வகுப்பு வரை சட்டம் ஒருவகையில் காப்பாற்றுகிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அக்காப்பு முடிகிறது. சரியாக அங்கேதான் சல்லடை போடப்படுகிறது. நூறு விழுக்காடு தேர்ச்சி என்று விளம்பரப் பலகை வைக்க விரும்பும் தனியார் பள்ளிகள் சில என்ன செய்கின்றன என்பது பெற்றோர் அனைவரும் அறிந்த இரகசியம். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தந்தை அழைக்கப்படுகிறார். “உங்கள் பையன் பத்தாம் வகுப்பைத் தாங்கமாட்டான், வேறு பள்ளி பாருங்கள்” என்று மாற்றுச் சான்றிதழ் நீட்டப்படுகிறது, அல்லது தனித்தேர்வராக எழுதச் சொல்கிறார்கள். ஐந்து வயதில் கட்டணம் வாங்கிச் சேர்த்து, பத்து ஆண்டுகள் கற்பித்து, கற்பித்ததன் பலனைச் சோதிக்கும் ஆண்டு வந்ததும் பிள்ளையை வெளியேற்றுவதற்குத் தேர்ச்சி விழுக்காடு என்று பெயர். படித்த, வாதாடத் தெரிந்த தந்தை தலைமையாசிரியர் அறையில் அமர்ந்து பேசித் தன் பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்கிறார். கைலியோடு வந்து வாசலில் நிற்கும் தந்தை சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். இரு பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

பதினோராம் வகுப்பில் குரூப் தேர்வு. கணிதம், உயிரியல் கொண்ட முதல் குரூப் கிடைத்தவன் அறிவாளி, வணிகவியல் நடுத்தரம், தொழிற்பிரிவு ஏனையோருக்கு. இந்தத் தரவரிசையை யார் வகுத்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. நம் பெண்பிள்ளைகள் விஷயத்தில் மதிப்பெண்கூடத் தீர்மானிப்பதில்லை, பேருந்துதான் தீர்மானிக்கிறது. எங்கள் கரிசல் கிராமங்களில் எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் எல்லாக் குரூப்பும் இருப்பதில்லை. நானூறுக்கு மேல் பெற்ற பெண், கேட்ட பாடம் சங்கரன்கோவிலிலோ கோவில்பட்டியிலோதான் இருக்கிறது என்பதற்காக, அருகிலுள்ள பள்ளியில் இருக்கும் பாடத்தில் சேர்க்கப்படுகிறாள். கார் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. பிறகு முதலாமவளைப் பார்த்து, இவளுக்குச் சயின்ஸ் வராது என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

இம்மாநிலத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுத் தமிழகமே எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. நம் பெரியவர்களில் பலரும் அன்று அதை எதிர்த்தவர்களே. இன்று சட்டமும் இல்லை, ஆணையும் இல்லை. நாமே அதை நடத்திக்கொண்டிருக்கிறோம். “தறிக்காரர் மகன் கடைசியில் தறிக்குத்தானே வரப்போகிறான்” என்ற சொல்லை ஜமாஅத் திண்ணைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற காலத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அத்தகைய ஆலைகளில் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீப்பெட்டி ஒட்டிய அக்குழந்தைகளிடம் திறமை இல்லை என்று யாரேனும் சொல்வார்களா? அவர்களுடைய விரல்களின் வேகத்தை முதலாளிகள் அறிந்திருந்தார்கள். அவ்விரல்களுக்கு எழுதுகோல் கொடுப்பார்தான் இல்லை.

இனி என் சொந்த வீட்டுக்கு, அதாவது மதரஸாவுக்கு வருகிறேன். கல்வியாண்டு தொடங்கும்போது சில தாய்மார்கள் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துவந்து சொல்வார்கள்: “ஹஜ்ரத், இவனுக்கு ஸ்கூல் படிப்பு ஏறல. ஓதவாவது செய்யட்டும்.” அத்தாய் மீது எனக்குக் கோபம் இல்லை. பள்ளி கைவிட்ட பிள்ளையைப் பள்ளிவாசல் கைவிடாது என்ற நம்பிக்கையில் அவர் வருகிறார். என் கோபம், நன்றாகப் படிப்பவன் டாக்டராகட்டும், படிக்காதவன் ஆலிமாகட்டும் என்று சமுதாயத்துக்கே ஒரு பாகப்பிரிவினை எழுதி வைத்திருக்கும் வசதி படைத்தவர்கள் மீது. தம் பிள்ளைகளில் ஒருவரையேனும் ஏழாண்டு ஓத அனுப்பாத இவர்களே, ஜும்ஆ பயானில் சரக்கில்லை என்று வெள்ளிக்கிழமைதோறும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

பள்ளியில் மக்கு என்று முத்திரை குத்தப்பட்ட அதே சிறுவன் மூன்று ஆண்டுகளில் முப்பது ஜுஸ்வையும் நெஞ்சில் ஏற்றுகிறான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். ஒன்றையொன்று ஒத்த இடங்கள் நூற்றுக்கணக்கில். இடம் மாறாமல் ஓத வேண்டும். மக்குப் பிள்ளையால் இது ஆகுமா? இவனுக்கு ஒரு ஆசிரியர் தினமும் தனித்தனியாகப் பாடம் கேட்டார். பிழை வந்த இடத்தில் நிறுத்தித் திருத்தினார். முந்தைய பாடம் உறுதியான பின்பே அடுத்ததைக் கொடுத்தார். நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் இது கிடைக்கவில்லை. ஆங்கிலமும் கணிதமும் இதே முறையில் கற்பிக்கப்பட்டிருந்தால் அவன் எங்கே இருந்திருப்பான் என்று எண்ணிப்பாருங்கள். ஹாஃபிழாகட்டும், அதோடு பத்தாம் வகுப்பும் எழுதட்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவில் முடங்கிக் கிடக்கிறார்கள் என்ற வெளியாரின் எண்ணமும் தவறு. 2006 நவம்பரில் வந்த சச்சார் குழு அறிக்கையின்படி, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலானோரில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர். நம் துயரத்தின் பெரும்பகுதி அந்த நான்கில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் பரிசளிப்பு விழாவுக்குப் பார்வையாளராகக்கூட வருவதில்லை.

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் மௌனமாக இருக்கவில்லை. குறைஷித் தலைவர்கள் சிலரோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். அத்தலைவர்கள் ஏற்றுக்கொண்டால் மார்க்கத்துக்கு வலு சேருமே என்ற நல்ல நோக்கத்தில்தான் அவர்கள் பக்கம் நபியவர்களின் கவனம் இருந்தது. ஆயினும் அல்லாஹ் ‘அபஸ’ அத்தியாயத்தை இறக்கி, தேடி வந்த அந்த எளியவரின் பக்கம் தன் தூதரின் முகத்தைத் திருப்பினான். பிற்காலத்தில் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பும், நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்த அத்தியாயத்தை ஓதிவிட்டு மேடையின் முதல் வரிசையில் செல்வந்தரையும் அவர் பிள்ளையையும் அமர்த்த நமக்கு எப்படி மனம் வருகிறது?

இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் வரலாறு நம் பேசுபொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கூஃபாவின் வறிய குடும்பம். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளையை, பிழைப்பைப் பார் என்று வீட்டார் தடுத்தார்கள். சில நாட்கள் வரவில்லை. இமாம் அவர்கள் காரணம் விசாரித்தார்கள். ஒரு பணப்பையைக் கொடுத்து, தீர்ந்தால் சொல் என்றார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்லும் முன்பே மறுபடியும் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மாணவர் பின்னாளில் ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமை காழியானார். ஹனஃபி மத்ஹபின் பெரும்பகுதி அவர் வழியே நமக்கு வந்தது. இமாம் அவர்கள் தேர்வு வைத்து முதலிடம் பெற்றால் தருகிறேன் என்று சொல்லவில்லை. வகுப்பிலிருந்து காணாமற்போன பிள்ளையைத் தேடினார்கள். அப்பிள்ளையின் உழைப்பால் வீட்டுக்கு வர வேண்டிய கூலியைத் தாமே ஈடு செய்தார்கள். மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) கறுத்த நிறத்தவர், காலில் ஊனமுற்றவர், ஒரு கண் பார்வையற்றவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். ஹஜ் காலத்தில் அவரைத் தவிர வேறெவரும் ஃபத்வா கொடுக்கலாகாது என்று ஆட்சியாளர்களே அறிவிக்கச் செய்தார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் சேர்ந்திருந்தால் எந்தப் பிரிவில், எந்த வரிசையில் அமர்த்தியிருப்போம்?

ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன, அல்லாஹ்தானே ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் கொடுத்தான் என்று சிலர் கேட்பார்கள். உண்மை. பிள்ளைகளின் ஆற்றல் வேறுபடுகிறது. இருபதாண்டுகளாகப் பாடம் கேட்கும் எனக்கு அது தெரியும். ஆனால் அல்லாஹ் அறிவைப் பணக்காரத் தெருவில் மட்டும் பொழிந்தான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எல்லாத் தெருவிலும் கூர்மையான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் பிறக்கிறார்கள். செல்வந்தர் வீட்டு மெதுவான பிள்ளை நன்கொடை கொடுத்தேனும் பட்டதாரியாகிவிடுகிறது. ஏழை வீட்டுக் கூர்மையான பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு கடைப் பையனாகிறது. இதை அல்லாஹ்வின் கத்ர் மீது சுமத்துவது துணிச்சல். பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் ஊக்கமாகப் படிப்பார்களா என்று கேட்போரும் உண்டு. கேடயத்தை நம்பியா உங்கள் பிள்ளை படித்தது? டியூஷனையும், இரவில் உடன் விழித்திருந்த தாயையும் நம்பிப் படித்தது. கேடயம் தேவையென்றால் கொடுங்கள். ஊரின் கல்விப் பணி அதோடு முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள்.

நம் சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் பள்ளிகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பியது. முடிவு எப்படியும் இருக்கட்டும். சிறுபான்மை உரிமையை நான் மதிக்கிறேன். அது நம் முன்னோர் போராடிப் பெற்றது. எதற்காகப் பெற்றது? நம் ஏழைப் பிள்ளையை நாமே உயர்த்துவதற்காக. மாற்றுமதத்தவர் நடத்தும் பள்ளியில் சட்டத்தின் பெயரால் கிடைக்கும் இடம், முஸ்லிம் பெயர்ப் பலகை தாங்கிய பள்ளியில் தறிக்காரர் மகளுக்குக் கிடைக்காது என்றால், அந்த உரிமையை யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்? சட்டம் விலக்களித்த இடத்தில் மறுமையின் கேள்விக்கும் விலக்கு உண்டு என்று எந்தத் தாளாளரேனும் கருதுகிறாரா?

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: செலவு அதிகமில்லை. மத்திய அரசு சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகையை 2022இல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவிட்டது. அந்தத் தொகை சிறிதுதான். அதற்கும் முந்தைய தேர்வில் ஐம்பது விழுக்காடு பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்த இடைவெளியை பைத்துல் மால் நிரப்பட்டும், நிபந்தனை இல்லாமல். வறுமை ஒன்றே தகுதி. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேறினால் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வருகிறது. இதுவும் தேர்வுதான், எனினும் குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குள் நடக்கும் தேர்வு. விண்ணப்பிக்கச் சொல்லவும் பயிற்சி கொடுக்கவும் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒருவர் போதும்.

எழுத்தைத் தலைகீழாக எழுதும் பிள்ளையை, எவ்வளவு சொல்லியும் வாசிப்பு வராத பிள்ளையை அடிக்காதீர்கள். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள்; கரும்பலகை தெரியாமலே மூன்று ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகள் உண்டு. கண் நன்றாக இருந்தும் வாசிப்பு வரவில்லையென்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் அங்கீகரித்திருக்கிறது. உரிய சான்று பெற்ற பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். குருவிகுளம் ஒன்றியத்துக்கும் அம்மையம் உண்டு. நகரத்துப் பணக்காரர் இச்சான்றைத் தேடிப் பெற்றுக்கொள்கிறார். நம் ஏழைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் மகன் மக்கு என்ற பெயரோடு வேலைக்குப் போய்விடுகிறான்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்து சான்றிதழ் நீட்டப்படும் தந்தையோடு ஜமாஅத் செயலாளர் ஒருவர் தலைமையாசிரியர் அறைக்குப் போகட்டும். பல இடங்களில் அந்த ஒரு நடையே போதுமானது. கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை ஓர் ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியிருக்கிறது. அதையும் அவர் தெரிந்துகொண்டு போகட்டும். கேட்ட குரூப் தொலைவில் இருக்கிறதென்றால் நான்கு வீட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வேன் வைப்பதற்கு, ஒரு விழாவின் பிரியாணிச் செலவு சில மாதங்களுக்குக் காணும்.

மிக அவசரமானது ஒன்று. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அதே நாளில் நம் ஊரிலும் சில பிள்ளைகள் ஒன்றிரண்டு பாடங்களில் தவறியிருப்பார்கள். ஜூலை வாக்கில் அவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு. தேறிவிட்டால் இவ்வாண்டே பதினோராம் வகுப்பில் சேரலாம், ஓராண்டு வீணாகாது. நாம் பந்தல் போட்டு முதலிடங்களைக் கொண்டாடும் அந்த வாரங்களில்தான் இவர்கள் வெட்கத்தால் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். அல்லது தந்தை கடைக்கோ தறிக்கோ அழைத்துப்போய்விட்டார். ஒருமுறை கூலி வாங்கிய கை மீண்டும் புத்தகத்துக்குத் திரும்புவது அரிது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்களோ மிகக் குறைவு.

ஆகவே இந்த ஜும்ஆவுக்குப் பிறகு முதலிடம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிப்பதற்கு முன் முத்தவல்லி அவர்கள் இதை அறிவிக்கட்டும்: கணிதத்திலோ அறிவியலிலோ தவறிய பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டணத்தை பைத்துல் மால் கட்டும், மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மதரஸா அறை அவர்களுக்காகத் திறந்திருக்கும், ஊரிலுள்ள பட்டதாரிகள் முறைவைத்து வந்து பாடம் சொல்லிக்கொடுப்பார்கள், பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வீட்டில் ஆசிரியை ஏற்பாடு செய்யப்படும். யார் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். தொழுகை முடிந்தபின் தந்தையர் தனியே வந்து உஸ்தாதிடம் சொன்னால் போதும்.